நோயாளி: ஆண், வயது 59

ஜூன் 2

மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி ஐந்து மாதமாக டிராயரில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெரியவர் கழிவறைக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே புராஸ்டேட் மாத்திரையின் பெயர். நான் முப்பது வருஷமாக யூராலஜி பார்க்கிறேன். கழிவறைக் கதவைப் பார்த்துச் சிரித்த ஒரு கிழவனையும் கண்டதில்லை.

இன்று இதை எடுக்கக் காரணம் மாநாட்டு மலர். ஜூலை 26 அன்று பாளையங்கோட்டையில், எங்கள் ஆஸ்பத்திரியில், தென்மாவட்ட யூராலஜி மாநாடு. முதல் தடவையாக நேரலை அறுவை சிகிச்சை. தியேட்டரில் ஒருவர் ஆபரேஷன் செய்வார், கீழே மண்டபத்தில் முந்நூறு டாக்டர்கள் பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். செய்யப்போகிறவன் நான். என்னைப் பற்றி நூறு வார்த்தை வேண்டுமாம். நம்மைப் பற்றி நாமே ‘அவர்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை.

“டாக்டர் சு. ஆவுடையப்பன் தென் தமிழகத்தின் மூத்த யூராலஜி நிபுணர்களில் ஒருவர். நெல்லையில் எம்.பி.பி.எஸ்., மதுரையில் எம்.எஸ்., சென்னையில் எம்.சிஎச்., லண்டனில் சிறப்புப் பயிற்சி. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, வீங்கிய புராஸ்டேட்டைச் சீவி எடுப்பதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் கண்டவர்.”

லண்டன் பயிற்சி மூன்று நாள். அதில் ஒரு நாள் மழை என்று அறையை விட்டே வெளியே போகவில்லை. அதை எழுதவில்லை.

நேற்றிரவு எழுந்தது: மூன்று தடவை. காரணம்: மோர். நோயாளிகளிடம் இப்படி மூன்று நாள் மூத்திரக் கணக்கு எழுதிவரச் சொல்வது எங்கள் வழக்கம். நான் அதற்காக எழுதவில்லை. பேனா கையில் இருந்தது, எழுதினேன்.

ஜூன் 5

ஓ.பி.யில் நாற்பத்திரண்டு பேர். மாநாட்டுக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டார். வன்னியப்பெருமாள், ஊர் நாங்குநேரி, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்துநாலு. புராஸ்டேட் நூற்றிருபது கிராம்.

புராஸ்டேட் ஆண்பிள்ளைக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும், அதன் நடுவே சிறுநீர்க் குழாய் போகும். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. ஐம்பதைத் தாண்டினால் வளர ஆரம்பித்து, போகிற குழாயை நெரிக்கும். இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன், அந்தப் பழக்கதோஷத்தில் இங்கேயும் சொல்லிவிட்டேன்.

“நாங்குநேரில வண்டிய எடுத்தா மதுர வர எறங்க மாட்டேன் டாக்டரய்யா. இப்ப வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு வாரதுக்குள்ள ரெண்டு எடத்துல ஒதுங்க வேண்டியிருக்கு,” என்றார்.

நேரலையைப் பற்றிச் சொன்னேன். முகம் தெரியாது, பெயர் வராது, திரையில் ‘நோயாளி: ஆண், வயது 64’ என்று மட்டும்தான் போடுவோம் என்றதும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆபரேசனுக்குப் பொறவு அந்த வீட்டு விசயமெல்லாம் எப்பிடிய்யா?” என்று கேட்டார்.

“இந்த வயசுல அது எதுக்குவே?” என்றேன். முப்பது வருஷமாக எல்லாருக்கும் இதே பதில்தான். சுருக்கமாக முடிந்துவிடும்.

“சரி, நீங்க இத பண்ணிக்கிட்டீயளா?”

“நாலாயிரம் பேருக்குப் பண்ணியிருக்கேன்.”

“அவுகளக் கேக்கல. உங்களுக்குப் பண்ணிக்கிட்டீயளான்னு கேட்டேன்.”

“எனக்கு எதுக்குவே?”

“இல்ல, நான் வந்து ஒக்காந்து கால் மணி நேரம் இருக்கும். அதுக்குள்ள ரெண்டு தடவ எந்திச்சுப் போய்ட்டு வந்துட்டீய. அதான் கேட்டேன்.”

கை கழுவப் போனேன் என்று சொன்னேன். பஸ் ஓட்டினவர்களிடம் இதுதான் தொல்லை, முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பதையும் கவனிப்பார்கள்.

நேற்றிரவு: மூன்று. காரணம்: நுங்கு.

ஜூன் 9

டாக்டர் நிலோஃபர் இன்று ஒரு பெரிய சுரப்பியை லேசரில் எடுத்தாள். கடையநல்லூர்க்காரி, வயது முப்பத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன் நிர்வாகம் ஒரு லேசர் மெஷினை வாங்கி, கூடவே அவளையும் வேலைக்கு எடுத்தது. இன்டர்வியூவில் நான்தான் தலைமை. “ஏம்மா, பொம்பளப்பிள்ள யூராலஜி படிச்சிருக்கியே, எந்த ஆம்பள ஒங்கிட்ட வந்து வேட்டியத் தளத்துவான்?” என்று கேட்டேன்.

“வலி வந்தா தளத்துவாங்க சார்,” என்றாள்.

நிர்வாகி சிரித்துவிட்டார். வேலையும் கொடுத்துவிட்டார். நானும் பெருந்தன்மையாக இருந்துகொண்டேன், அதாவது இரண்டு வருஷமாக நான் அவளுடைய தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லேசரெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் லைட், கண்ணுக்கு நன்றாக இருக்கும். நான் பழைய முறைக்காரன். மின்கம்பி வளையத்தைப் போட்டேனா, சீவினேனா, முடித்தேனா என்று போய்க்கொண்டே இருப்பேன்.

ஜூன் 16

நேற்றிரவு: நாலு. காரணம்: தர்பூசணி.

ஜூன் 21

இன்று எண்பது கிராம் சுரப்பியை ஐம்பது நிமிஷத்தில் முடித்தேன். மயக்க மருந்து டாக்டர், “எப்படி சார் இவ்வளவு வேகம்?” என்று வாயைப் பிளந்தார். அனுபவம் என்றேன். தியேட்டரை ஒட்டியே கழிவறை கட்டிய இன்ஜினியருக்கும் இதில் பங்கு உண்டு. கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடியதை வார்டு பிரதர் தேவசகாயம் பார்த்தான். நாசரேத்துக்காரன், என்னுடன் இருபது வருஷமாக இருக்கிறான், வாயைத் திறக்கமாட்டான்.

நேற்றிரவு: நாலு. காரணம்: வீட்டில் சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் நீர்தானே.

ஜூலை 2

சாப்பிடும்போது பிரமு, என் மனைவி, “யார்ட்டயாவது காமிச்சா என்ன?” என்றாள்.

“எத?”

“எதன்னு எனக்கென்ன தெரியும். நான் டாக்டரா?”

“நான் டாக்டர். நானே பாத்துக்கிட்டேன். ஒண்ணும் இல்ல.”

“நல்ல டாக்டரு,” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

மேஜையில் டைரிப் படத்து மாத்திரையின் சாம்பிள் இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் மலைபோல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், வீணாகப் போகக்கூடாதே என்று தினம் ஒன்று போட்டுவருகிறேன். ஆறு வருஷமாக.

நேற்றிரவு: ஐந்து. காரணம்: ரசம் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 6

சென்னையிலிருந்து பத்ரி வந்தான். எம்.சிஎச். படிப்பில் என் கூடப் படித்தவன். மாநாட்டில் மைக்கைப் பிடித்து நேரலையை நடத்தப்போகிறவன் அவன்தான். தியேட்டரையும் கேமராவையும் ‘நேரில் ஆய்வு’ செய்ய வந்தானாம். பத்து நிமிஷம் ஆய்வு செய்தான். பிறகு, “குற்றாலத்துல சாரலாமே?” என்றான். அந்த ஆய்வு ஆறு மணி நேரம் நடந்தது.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஈரத் துண்டோடு நின்று செங்கோட்டைப் பக்கம் பரோட்டா தின்றோம். திரும்பும்போதே எனக்குத் தும்மல்.

ஜூலை 8

எங்கள் ஓ.பி. சுவரில் ஒரு போர்டு இருக்கிறது. எழுதியது நான்: “புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சளி மாத்திரை சாப்பிடக்கூடாது. சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.” யாராவது அப்படி அடைத்துக்கொண்டு வந்தால் அந்தப் போர்டுக்குக் கீழேயே நிறுத்தி, வாசிக்கச் சொல்லித் திட்டுவேன்.

நேற்று காலை ஒரு சளி மாத்திரை போட்டேன். மூக்கு நிற்கவில்லை, மத்தியானம் இன்னொன்று. ராத்திரி படுக்கும்முன் ஒன்று. டாக்டரைக் கேட்டுத்தான் போட்டேன், நான்தானே டாக்டர்.

இன்று காலை ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நோயாளிகள் சொல்லும்போது நான் சிரிக்கிற வைத்தியம் அத்தனையும் செய்தேன். பத்து மணிக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. காரை நானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகன்குறிச்சி சிக்னலில் அழுதேன். வலியில் அழுதேன், அவமானத்தில் அழவில்லை, அதற்கு நேரமில்லை.

பின்வாசல் வழியாகப் போய் தேவசகாயத்தை மட்டும் கூப்பிட்டு அறையைத் தாழிடச் சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிறுநீர் இறக்கும் டியூப்பை எடுத்தான்.

“ஒண்ணும் செய்யாதுல்லா?” என்று நான் கேட்டேன். நாலாயிரம் பேரிடம் “ஒண்ணும் செய்யாதுவே” என்று நான் சொன்ன அதே சொல்.

“அப்பிடிச் சொல்ல மாட்டேன் சார். செய்யும். கொஞ்ச நேரந்தான். மூச்ச நல்லா இழுத்து விடுங்க,” என்றான்.

ஆயிரத்து இருநூறு மில்லி வந்தது. சாதாரண ஆளுக்கு நானூறிலேயே தாங்காது. தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

ஜூலை 9

தேவசகாயம் வாயைத் திறக்கமாட்டான் என்று எழுதியிருந்தேன். திறந்துவிட்டான். நேராகப் போய் நிலோஃபரிடம் சொல்லியிருக்கிறான். “கிட்னிய யாராவது பாக்கணும்லா சார். நீங்களே ஒங்களப் பாத்துக்கிட முடியாது,” என்கிறான்.

அவளே ஸ்கேன் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபப்பட்டிருக்கலாம்.

புராஸ்டேட் நூற்றுப் பன்னிரண்டு கிராம். சிறுநீர் தேங்கித் தேங்கி, இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கின்றன. ரத்தத்தில் கிரியேட்டினின் 2.4, இருக்கவேண்டியதில் இரண்டு மடங்குக்கு மேல்.

“லேப்ல தப்பா போட்டிருப்பான்,” என்றேன்.

“ரெண்டு தடவ போட்டாச்சு சார்.”

வீட்டில் முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன். டியூப்போடு ஒரு சின்னப் பை தொடையில் கட்டியிருக்கிறது, பேன்ட்டுக்குள் தெரியாது. நான் எத்தனை பேருக்கு மாட்டி அனுப்பியிருக்கிறேன்! நடக்கும்போது அது காலில் தட்டித் தட்டிச் சூடாக இருக்கும் என்பதை ஒருத்தனும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

நேற்றிரவு: எழவில்லை. காரணம்: டியூப்.

ஜூலை 15

டியூப்பை எடுத்துப் பார்த்தார்கள். நாலு மணி நேரம். வரவில்லை. திரும்பவும் மாட்டினார்கள்.

ஜூலை 17

ஆபரேஷன் வேண்டியதுதான். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மாநாடு முடிந்து. எங்கே என்பதுதான் கேள்வி. மதுரை என்றால் அங்கே யூராலஜி சங்கத் தலைவர் தேர்தலில் என்னிடம் தோற்றவன் இருக்கிறான். கையில் கத்தியோடு அவன் நிற்க, நான் காலைத் தூக்கிப் படுப்பதா? சென்னையில் எல்லாரும் என் செட், வாட்ஸ்அப் குழுவில் எண்ணூற்றிச் சொச்சம் பேர். நான் தியேட்டரை விட்டு வெளியே வரும்முன் என் புராஸ்டேட் படம் ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவே சுற்றும். திருவனந்தபுரம், கோவை, வேலூர் எங்கே பார்த்தாலும் என்னிடம் படித்தவன் ஒருவன் இருக்கிறான். முப்பது வருஷம் ஊரெல்லாம் பேர் வாங்கினதற்குப் பலன், மூத்திரம் போக ஒரு இடமில்லை.

ஜூலை 19

தியேட்டரில் இரண்டு மணி நேரம் நின்று ஒத்திகை பார்த்தேன். தொடையில் பையோடு. ஒன்றே கால் மணி நேரத்தில் பை நிறைந்துவிட்டது. கண் இருட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நிலோஃபர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிரியேட்டினின் 1.5க்கு எறங்கியிருக்கு சார். இப்பப் பண்ணினா கிட்னி பொழைக்கும். இன்னும் ஒரு வருஷம் மாத்திரையில ஓட்டினா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்ல படுக்கணும். இத ஒங்ககிட்ட வர்ற பேஷன்ட்டுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?”

“வெளிய போம்மான்னு சொல்லுவேன்.”

“அது என்கிட்ட சொல்றது. பேஷன்ட்டுகிட்ட?”

நான் கையுறையைக் கழற்றினேன். அவள் போகவில்லை. கடைசியில், “நேரலைய நீயே பண்ணு,” என்றேன். எனக்கு முதுகு வலி என்று மாநாட்டுக் குழுவுக்குக் கடிதம் போய்விட்டது. முப்பது வருஷத்தில் நான் விட்டுக்கொடுத்த முதல் ஆபரேஷன்.

ஜூலை 21

வன்னியப்பெருமாள் அட்மிஷனுக்கு வந்தார். ஆள் மாற்றத்தைச் சொன்னேன்.

“அந்தப் பொம்பளப்பிள்ளையா?”

“ரொம்ப நல்லாப் பண்ணுவா.”

“பண்ணுவா, இல்லங்கல. நான் எப்பிடிய்யா அந்தப் பிள்ள முன்னால வேட்டியத் தளத்திக்கிட்டுக் கெடப்பேன்? எனக்கு அந்த வயசுல மக இருக்கா. நீங்க பண்ணுனா இருக்கேன், இல்லன்னா மாத்திரையக் குடுங்க, போறேன்.”

இந்த வசனத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். கேட்டதல்ல, சொன்னது. நான் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். நூற்றிருபது கிராமுக்கு மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

மாநாட்டுக்கு இன்னும் ஐந்து நாள். லேசர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறாள், நோயாளி இல்லை.

ஜூலை 22

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அபாரமான யோசனை.

நான் எங்கே போய்ப் படுத்தாலும் யூராலஜிக்காரன் ஒருவன் என் முகத்தைப் பார்ப்பான். முகம் தெரியாத, பெயர் வராத ஒரே இடம் நேரலை மேஜை. திரையில் ‘நோயாளி: ஆண், வயது 59’ என்று வரும், உள்ளே இருப்பது மட்டும் தெரியும். நாட்டில் யாரிடமெல்லாம் மறைக்க நினைக்கிறேனோ அந்த முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தனுக்கும் நான் என்று தெரியாது.

நிலோஃபரிடம் சொன்னேன்.  “சார், ஒங்க ஈகோவையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்,” என்றாள். பிறகு, “எப்படியாவது மேஜைக்கு வந்தாச் சரி,” என்று ஒப்புக்கொண்டாள்.

ஜூலை 24

சம்மதப் பத்திரத்தில் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பத்திரத்தை எழுதியவனும் நான்தான், அந்த விதியை வைத்தவனும் நான்தான். பிரமுவைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திடுக்கிடுவாள் என்று நினைத்தேன்.

“மூணு வருசமா தண்ணி ஊத்துற சத்தத்த எண்ணிக்கிட்டுத்தான் படுத்துக் கெடக்கேன்,” என்றாள். “நீங்க மூணுன்னு நெனச்சா நாலு இருக்கும். என்னைக்குச் சொல்லுவீயன்னு பாத்தேன். முதுகு வலியாம், முதுகு வலி.”

முதுகு வலிக்காரன் மண்டபத்துக்குக்கூட ஏன் வரவில்லை என்பதற்கு, மாமியாருக்கு மதுரையில் சீரியஸ் என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன்.

“எங்கம்ம செத்துப் பன்னெண்டு வருசம் ஆவுது. இன்னும் ஒங்களுக்கு ஒத்தாச பண்ணுதா பாருங்க.”

நிலோஃபர் பத்திரத்தை வாசித்து ஒவ்வொன்றாக விளக்கினாள். ரத்தம் வரலாம். சில வாரம் சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். “அப்புறம், உறவுல ஒரு மாற்றம் இருக்கும். சுகம் இருக்கும், ஆனா விந்து வெளிய வராது, பின்னால சிறுநீர்ப்பைக்குள்ளேயே போயிடும். ஆபத்து இல்ல. ஆனா தெரிஞ்சிருக்கணும்.”

எனக்குக் காது சிவந்துவிட்டது. “இந்த வயசுல அது எதுக்கும்மா?” என்று பத்திரத்தைப் பிடுங்கப் போனேன்.

“ஏன், ஒங்களுக்கு என்ன வயசாயிட்டு?” என்றாள் பிரமு. நிலோஃபரிடம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா, நான் கேட்டுக்கிடுதேன்,” என்றாள். கேட்டும்விட்டாள். மூன்று கேள்வி. மூன்றும் நல்ல கேள்விகள். நாலாயிரம் மனைவிமார்களை நான் ஒரு கேள்விகூடக் கேட்க விட்டதில்லை.

ஜூலை 25

பயமாக இருக்கிறது. கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 28

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முந்தாநாள் காலை ஒன்பது மணி. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நெஞ்சுக்கு முன்னால் நீலத் துணித் திரை. அந்தப் பக்கம் நிலோஃபர், இந்தப் பக்கம் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர், கையைப் பிடித்துக்கொண்டு தேவசகாயம். சுவரில் ஒரு டிவி. மண்டபத்தில் பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். நோயாளி விழித்திருப்பார் என்பது மண்டபத்தில் யாருக்கும் நினைவில் இருக்காது. எனக்கும் இருந்ததில்லை.

கேமரா உள்ளே போனது. நாலாயிரம் பேருக்கு உள்ளே பார்த்திருக்கிறேன், எனக்குள்ளே இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் சதை வந்து குழாயை மூடியிருந்தது. அதைத் தாண்டிச் சிறுநீர்ப்பைக்குள் போனாள். சுவர் முழுக்க வரிவரியாகத் தடித்து, நடுநடுவே பொந்து பொந்தாக இருந்தது. அடைப்பை எதிர்த்து வருஷக்கணக்காக முக்கி முக்கி வேலை செய்த பை அப்படித்தான் ஆகும்.  பாவம், அது என் பை.

பத்ரியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “எல்லாரும் இந்த பிளாடரப் பாருங்கப்பா. ரெண்டு கிட்னியும் வீங்கி வந்திருக்கு. கொறைஞ்சது அஞ்சு வருஷமா அடைச்சிருக்கணும். யாருய்யா இந்தாளப் பாத்த டாக்டர்? மாத்திரைய குடுத்தே ஓட்டியிருக்கான். இவனையெல்லாம் யார் டாக்டர்னு சொன்னது?”

மண்டபத்தில் சிரிப்பு.

“நம்ம ஆவுடையப்பன் மட்டும் இன்னிக்கு இங்க இருந்திருந்தான்னா, அந்த டாக்டர இங்கியே மைக்ல கிழிச்சுத் தொங்க விட்டிருப்பான்,” என்றான். கைதட்டினார்கள்.

நிலோஃபர் கையை நிறுத்தினாள். “பேஷன்ட்டுக்கு ஸ்பைனல்தான் சார் குடுத்திருக்கோம். கேட்டுக்கிட்டு இருக்கார்.”

“ஐயோ, சாரி. ஐயா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள சொல்லல, உங்க டாக்டரத்தான் சொன்னேன்.”

திரும்பவும் சிரிப்பு.  என்னைப் புகழ்ந்துகொண்டே என்னைத் திட்டுகிறான், இரண்டுக்கும் கைதட்டுகிறார்கள். இப்படியே படுத்திருந்தால் ஒருத்தனுக்கும் தெரியாது. யோசனை பலித்துவிட்டது. ஆனால் அந்த டாக்டருக்காகப் பேச அங்கே ஒருத்தனும் இல்லை, அந்த நோயாளிக்காகவும் இல்லை. தேவசகாயத்திடம், “மைக்கக் குடு,” என்றேன். அவன் மயக்க மருந்து டாக்டரின் மைக்கை வாங்கி என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

“பத்ரி, ஆவுடையப்பன் பேசுதேன். அந்த டாக்டர் நான்தான். பேஷன்ட்டும் நான்தான். அஞ்சு வருஷம் இல்ல, ஆறு. நீ சொன்னதெல்லாம் சரி.” மூச்சு வாங்கியது. “குத்தாலத்துல குளிச்சுட்டு வந்து நானே சளி மாத்திரை போட்டு அடைச்சுக்கிட்டேன். அந்தப் பிள்ள கண்டுபிடிக்கலன்னா கிட்னி போயிருக்கும். இப்ப அவள வேல செய்ய விடுங்க.”

 பத்ரிதான் முதலில், “மாமியார் எப்படிடா இருக்காங்க?” என்று கேட்டான். 

பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் லேசரின் சக்தி எத்தனை வாட் என்று நிலோஃபரைக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். முந்நூறு பேரும் திரும்ப என் புராஸ்டேட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சுரப்பியை ஆரஞ்சுச் சுளை எடுப்பது மாதிரி தோலோடு ஒட்டாமல் முழுசாகப் பிரித்து, பைக்குள் தள்ளி, தூளாக்கி உறிஞ்சி எடுத்தாள். எழுபது நிமிஷம். ரத்தம் பேருக்குத்தான். என் வளையத்தால் அது முடியாது. இதை இங்கே எழுதுகிறேன், அவளிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

“தேங்க்ஸ் சார்,” என்றாள். “வலி வந்தா தளத்துவாங்கன்னு அப்பவே சொன்னேன்.”

ஜூலை 29

டியூப்பை எடுத்தார்கள். வந்தது. பிரமு கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று, “சத்தம் நல்லாருக்கு,” என்றாள்.

கதவைத் திறந்து வெளியே வரும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம், அவள் சொல்கிறாள். மருந்துக் கம்பெனிப் படத்தை இனி குறை சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 6

எடுத்த சதையில் புற்று இல்லை. கிரியேட்டினின் 1.2. தும்மினால் ரெண்டு சொட்டு கசிகிறது, போகப்போகச் சரியாகுமாம்.

வாட்ஸ்அப் குழுவில் எண்ணூற்றிச் சொச்சம் பேரில் ஒருத்தனும் கேலி செய்யவில்லை. பதினேழு பேர் தனித்தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பதினேழு பேரும் யூராலஜிஸ்ட். பதினேழு பேரும் ஒரே கேள்விதான், “என் நண்பர் ஒருவருக்கு” என்று ஆரம்பிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14

இன்றுதான் ஓ.பி.க்குத் திரும்பினேன். ஆறாவது ஆளாக வன்னியப்பெருமாள் உள்ளே வந்தார். ஆள் இளைத்திருந்தார். மாத்திரை கேட்கவில்லை. உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் பேசினோம், நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

“பண்ணிக்கிட்டீயளோ?”

“பண்ணிக்கிட்டேன்வே.”

“யார்ட்ட?”

பக்கத்து அறையைக் கை காட்டினேன்.

அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “கூச்சமா இல்லியா?”

“இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் தாண்டுற வரைக்கும் இருந்துச்சு. அதுக்குப் பொறவு பயம் வந்துட்டு, கூச்சம் போயிட்டு.”

“வலிக்குமா?”

“ஒண்ணும் செய்யாதுன்னு சொல்ல மாட்டேன். செய்யும். கொஞ்ச நாள்தான்.” பிறகு, போன தடவை அவர் கேட்டு நான் மழுப்பிய அந்த வீட்டு விஷயத்துக்கும் முழுசாகப் பதில் சொன்னேன். அவர் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அந்த அம்மாள் இரண்டு கேள்வி கேட்டார்.

எழுந்து நிலோஃபர் அறைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்து கதவோரம் நின்றார். “அந்த டாக்டரம்மா மூணு நாளு மூத்திரக் கணக்கு எழுதிட்டு வரச் சொல்லுதாவ. நோட்டு எதுவும் இருக்காய்யா?”

டிராயரைத் திறந்தேன். நோட்டு இல்லை, இந்த டைரிதான் இருந்தது. நாளையிலிருந்து டிசம்பர் வரை எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். முன்னால் எழுதியிருக்கிற பக்கங்களைக் கிழித்துக்கொண்டு கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழிக்கவில்லை. படிக்கட்டும்.

நேற்றிரவு: ஒன்று.

வன்னியப்பெருமாள், நாளையிலிருந்து நீர் எழுதும். எத்தனை தடவை என்று மட்டும் எழுதினால் போதும்வே. காரணம் எழுத வேண்டாம்.